பள்ளிப் பிள்ளைகளும் ஃப்ளூ காய்ச்சலும்: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால், எங்கள் பள்ளி முதலுதவி அறையில் உள்ள இரண்டு கட்டில்களும் காலை பத்து மணிக்குள் நிரம்பிவிடும். சென்னைப் புறநகரில் உள்ள பள்ளி ஒன்றில் செவிலியராக வேலை பார்க்கிறேன். பிள்ளையை அழைத்துப் போக வரும் பெற்றோர் அந்த அறை வாசலில் நின்று கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் அநேகமாக ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

சளி, ஃப்ளூ எல்லாம் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு பேர்?

இரண்டும் வைரஸால் வருபவைதான். ஆனால் ஒரே வைரஸால் வருபவை அல்ல. சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்கள் பல. ஃப்ளூவை உண்டாக்குவது இன்ஃப்ளூயன்சா வைரஸ் மட்டுமே. அதிலும் ஏ, பி என்னும் இரு வகைகள்தான் ஆண்டுதோறும் பள்ளிகளில் சுற்றி வருகின்றன.

சளி மெதுவாக வரும். தொண்டை கரகரக்கும், மூக்கு ஒழுகும், பிள்ளை விளையாடிக்கொண்டுதான் இருக்கும். ஃப்ளூ திடீரென்று வரும். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஓடிய பிள்ளை மாலையில் 102 டிகிரி காய்ச்சலுடன், தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல் என்று சுருண்டு படுத்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூடச் சேர்ந்து வரலாம். காய்ச்சல் பொதுவாக மூன்று நான்கு நாளில் இறங்கிவிட்டாலும், இருமலும் அசதியும் இரண்டு வாரம்வரை நீடிப்பது வழக்கம்.

இது ஃப்ளூவா டெங்குவான்னு வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

உறுதியாக முடியாது. இரண்டும் நம் ஊரில் ஒரே மழைக்காலத்தில் வருவதுதான் தொல்லை. மூக்கொழுகலும் இருமலும் இருந்தால் ஃப்ளூவின் பக்கம் ஐயம் சாயும். கண்ணுக்குப் பின்னால் வலி, உடலில் தடிப்பு, வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் என்றால் டெங்குவின் பக்கம் சாயும். ஆனால் இவை ஐயங்கள் மட்டுமே. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது என்பதால், ‘ஜுரம் விட்டுவிட்டது’ என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது.

எந்தக் காய்ச்சல் என்று தெரியாத நிலையில், மருத்துவர் சொல்லாமல் பாராசிட்டமாலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து எதையும் கொடுக்காதீர்கள். இபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகியவை டெங்குவில் இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடும். ஃப்ளூ வந்த குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்னும் அரிய, கடுமையான பாதிப்பு வரக்கூடும். பாராசிட்டமாலின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. அண்ணனுக்குக் கொடுத்த அளவையே தம்பிக்கும் ஊற்றுவது தவறு.

மழையில நனைஞ்சான், ஐஸ்கிரீமும் சாப்பிட்டான். அதனாலதானே வந்தது?

இல்லை. வைரஸ் இன்னொரு மனிதரிடமிருந்து வந்தால்தான் ஃப்ளூ வரும். மழையிலும் ஐஸ்கிரீமிலும் அது இல்லை. ஆனால் மழைக்காலத்துக்கும் ஃப்ளூவுக்கும் தொடர்பு உண்டு. சாரல் அடிக்கிறது என்று வகுப்பறை ஜன்னல்களையும் வேனின் கண்ணாடிகளையும் மூடிவிடுகிறோம். விளையாட்டு வேளையிலும் பிள்ளைகள் உள்ளேயே இருக்கிறார்கள். தொற்று கூடும் காலம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையும், டெல்லியில் தென்மேற்குப் பருவமழையின் ஜூலை முதல் செப்டம்பர் வரையும், வடகிழக்குப் பருவமழை பெறும் சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரை ஒட்டியும் அது உச்சத்துக்குப் போவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

எனவே தயிரையும் வாழைப்பழத்தையும் மூன்று மாதம் நிறுத்திவைக்கத் தேவையில்லை. காய்ச்சலில் உள்ள பிள்ளை எதைச் சாப்பிட ஒப்புக்கொள்கிறதோ, கஞ்சியோ ரசம் சாதமோ இளநீரோ, அதைக் கொடுத்தால் போதும்.

பக்கத்துல உட்கார்ந்தாலே ஒட்டிக்குமா?

ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் தெறிக்கும் நீர்த்துளிகள் சுமார் ஆறு அடிவரை போகும்; காற்றோட்டமில்லாத அறையில் மிக நுண்ணிய துளிகள் அதைவிட நேரம் மிதக்கவும் செய்யும். மூக்கைத் துடைத்த கையால் தொட்ட மேசை, கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய் ஆகியவை வழியாகவும் வைரஸ் அடுத்த பிள்ளையின் கைக்குப் போய், அங்கிருந்து கண், மூக்கு, வாய்க்குச் சேரும். வழவழப்பான பரப்புகளில் அது ஒருநாள், இரண்டுநாள்கூடத் தங்கியிருக்கும்.

வைரஸ் உள்ளே போன ஒன்று முதல் நான்கு நாளுக்குள் நோய் தெரியும். ஆனால் அறிகுறி தெரிவதற்கு ஒருநாள் முன்பே பிள்ளை பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடும். நோய் தெரிந்த முதல் மூன்று நான்கு நாட்கள்தான் மிக அதிகமாகப் பரவும் காலம். பெரியவர்கள் ஐந்து முதல் ஏழு நாள்வரை பரப்பினால், சிறு பிள்ளைகள் அதைவிட நீண்ட காலம் பரப்பக்கூடும். பின்வரும் பதில்கள் பலவும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

கை கழுவறதால மட்டும் என்ன ஆகிடப் போகுது?

நானும் ஒரு காலத்தில் இதை ஒப்புக்குச் சொல்லும் அறிவுரையாகத்தான் நினைத்திருந்தேன். எகிப்தின் கெய்ரோ நகரில் 2008இல் 60 தொடக்கப் பள்ளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சில பள்ளிகளில் பிள்ளைகளை நாளுக்கு இருமுறை ஆசிரியர் கண்காணிப்பில் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார்கள்; மற்றவற்றை அப்படியே விட்டார்கள். கை கழுவிய பள்ளிகளில் ஃப்ளூ போன்ற நோயால் விடுப்பு எடுப்பது 40 சதவீதமும், பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 50 சதவீதமும் குறைந்தன.

நம் பள்ளிகளில் மதிய உணவுக்கு முன் எல்லாப் பிள்ளைகளும் குழாயடியில் வரிசையாக நிற்கிறார்கள். குழாய் இருக்கும், தண்ணீர் இருக்கும், சோப்புதான் இருக்காது. சோப்பைப் பழைய வலைப்பை ஒன்றில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் காணாமலும் போகாது, கரைந்தும் போகாது. 20 விநாடி தேய்க்க வேண்டும். குழாயே இல்லாத இடத்தில் 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிடைசர் உதவும். ஆனால் கையில் மண்ணும் சாம்பாரும் இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. இருமல் வந்தால் உள்ளங்கையை வைக்காமல் முழங்கை மடிப்பில் இருமப் பழக்குவதும் இதனோடு சேர்ந்தது.

பாராசிட்டமால் கொடுத்துதான் அனுப்பினேன், இப்போ ஜுரமே இல்லை. இன்னைக்கு டெஸ்ட் வேற. வகுப்புல உட்கார வைக்கக் கூடாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தத் தொகுப்பையே எழுதத் தொடங்கினேன். பாராசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கிறதே தவிர, வைரஸை ஒன்றும் செய்வதில்லை. காலை ஏழரைக்குக் கொடுத்த மருந்தின் வேகம் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் குறையும்; ஆகவே பதினொன்றரை மணி வாக்கில் அந்தப் பிள்ளை நடுங்கிக்கொண்டு என் அறைக்கு வருகிறது. இடைப்பட்ட நான்கு மணி நேரமும் அது நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒட்டிக்கொள்வது பற்றிய பதிலில் சொன்ன, மிக அதிகமாகப் பரவும் முதல் நாளில் இருந்திருக்கிறது. காய்ச்சல் இல்லாததால் ஓடியாடியும் இருக்கும்.

பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை என்பதும் எனக்குத் தெரியும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஒருநாள் விடுப்பு என்றால் ஒருநாள் கூலி போகிறது. அதனால் ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன்: எல்லா நாட்களும் முடியாவிட்டாலும் முதல் இரண்டு நாளாவது வீட்டில் வைத்திருங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் வீட்டில் இருப்பது என்பதைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். காலை ஏழரை மணிக்கு வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது எடுக்கும் முடிவு சரியாக அமைவதில்லை.

அப்போ எத்தனை நாள் கழிச்சு அனுப்பறது? இருமல் பத்து நாளா நிக்கவே இல்லையே.

மருந்து எதுவும் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்து, பிள்ளையும் தெளிவாக இருந்தால் அனுப்பலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச விதி. ஜப்பானில் பள்ளிச் சட்டவிதிகளே கூடுதல் கண்டிப்புடன் இருக்கின்றன: நோய் தொடங்கி ஐந்து நாளும் ஆக வேண்டும், காய்ச்சல் விட்டு இரண்டு நாளும் ஆக வேண்டும். முடிந்தவர்கள் ஜப்பானியக் கணக்கைப் பின்பற்றுங்கள் என்பேன்.

இருமல் முழுவதுமாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சல் போன பிறகு வாரக்கணக்கில் நீடிக்கும் இருமல், மூச்சுப்பாதை புண்பட்டு ஆறிவருவதால் வருவது. முதல் சில நாள் முகக்கவசமும் கைக்குட்டையும் கொடுத்து அனுப்பினால் போதும். இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டியும் இருமினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்க வீட்டுல இருக்கறதே ஒரு ரூம். தனியா வைன்னா எங்க கொண்டு வைக்கறது?

தனி அறை இல்லாத வீடுகளே நம்மிடம் அதிகம். தனி அறைக்கு ஈடாகச் சில ஏற்பாடுகளைச் சொல்வேன். ஜன்னலையும் கதவையும் கொஞ்சமாவது திறந்து வையுங்கள். நோயுற்ற பிள்ளையை ஜன்னலோரம் படுக்க வைத்து, அதன் தலை இருக்கும் பக்கம் மற்றவர்களின் கால் இருக்கும்படி பாய் விரியுங்கள். கவனிப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும். அருகில் போகும்போது முகக்கவசம் அணிந்து, வந்ததும் கை கழுவட்டும். பிள்ளையின் டம்ளர், துண்டு, தலையணை ஆகியவற்றை மற்றவர்கள் பயன்படுத்த வேண்டாம். பாத்திரத்தைத் தனியாகக் கொதிக்கவைக்கத் தேவையில்லை. வழக்கம்போலச் சோப்புப் போட்டுக் கழுவினால் வைரஸ் போய்விடும்.

கவனிப்பவராகத் தாத்தாவையோ பாட்டியையோ அமர்த்தாமலிருக்க முயலுங்கள். நம் வீடுகளில் காய்ச்சல் பிள்ளை போய்ப் படுக்கும் இடம் பாட்டியின் மடிதான் என்பது தெரிந்தே சொல்கிறேன். 65 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட, அதிலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்குத்தான் ஃப்ளூ நிமோனியாவாக மாறும் ஆபத்து அதிகம்.

எனக்கே காய்ச்சல், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். தாய்ப்பால் வழியாக ஃப்ளூ பரவுவதில்லை. அதிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்கள் குழந்தைக்கு உதவுகின்றன. முகக்கவசம் அணிந்து, கை கழுவிவிட்டுக் கொடுங்கள்.

ஃப்ளூ ஊசி கட்டாயமா? மத்த ஊசி மாதிரி ஆஸ்பத்திரியில இலவசமா ஏன் போடறதில்லை?

கட்டாயமில்லை. அது தேசியத் தடுப்பூசி அட்டவணையில் சேர்க்கப்படவில்லை. எனவே பெரும்பாலோர் தனியார் மருத்துவமனையில் சொந்தச் செலவில்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் போடுமாறும், அதற்கு மேற்பட்ட வயதில் ஆஸ்துமா போன்ற நோய் உள்ளவர்களுக்குப் போடுமாறும் பரிந்துரைக்கிறது. பணம் ஓர் ஊசிக்குத்தான் இருக்கிறது, யாருக்குப் போடுவது என்று கேட்டால், ஒரே அறை வீடு பற்றிய பதிலில் உள்ள, ஆபத்து அதிகமானவர்களின் பட்டியலைப் பாருங்கள் என்பேன். கர்ப்பிணி போட்டுக்கொண்டால், ஆறு மாதம் நிரம்பாததால் ஊசி போட முடியாத பச்சைக் குழந்தைக்கும் அந்தப் பாதுகாப்பு போய்ச் சேர்கிறது.

ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவை. பிறகு ஆண்டுக்கு ஒன்று. பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஆகவே தீபாவளி சமயத்தில் வகுப்பே இருமத் தொடங்கிய பிறகு ஓடுவதைவிட, ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுவது நம் ஊர்ப் பருவத்துக்குப் பொருந்தும்.

போன வருஷம் போட்டோமே, திரும்ப எதுக்கு? போட்டும் காய்ச்சல் வந்துச்சே?

இன்ஃப்ளூயன்சா வைரஸ் தன் மேற்புறத்தை ஓயாமல் மாற்றிக்கொள்கிறது. அதைப் பின்தொடர்ந்து, உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வட கோளத்துக்கும் செப்டம்பரில் தென் கோளத்துக்கும், ஊசியில் சேர்க்க வேண்டிய வகைகளை அறிவிக்கிறது. ஊசி தந்த பாதுகாப்பும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. அதனால்தான் ஆண்டுதோறும்.

போட்ட பிறகும் ஃப்ளூ வரலாம் என்பதை மறைப்பதற்கில்லை. வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் அது நோயை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது; வந்தாலும் கடுமை குறைகிறது. போட்ட வாரத்திலேயே வந்த காய்ச்சல் ஊசியால் வரும் இலேசான உடல் சூடாகவோ, வேறு வைரஸாகவோ இருக்கலாம். கையில் போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ் என்பதால் அது ஃப்ளூவை உண்டாக்காது. குழந்தைகளுக்குப் போடுவதால் வீட்டாருக்கும் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: கனடாவில் ஊர் ஊராகக் கூட்டு வாழ்க்கை நடத்தும் ஹட்டரைட் சமூகத்தில் 2008-09இல் பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போட்டுப் பார்த்தபோது, ஊசி போடாத மற்றவர்களுக்கும் சுமார் 61 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது.

பன்றிக் காய்ச்சல்னு ரிப்போர்ட் வந்திருக்கு. தெருவையே காலி பண்ணணுமா?

பதற வேண்டாம். 2009இல் உலகம் முழுவதும் பரவிய எச்1என்1 வைரஸில் பன்றிகளிடம் காணப்படும் வைரஸின் மரபணுக்கள் இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. அந்தக் கொள்ளைநோய் 2010 ஆகஸ்டில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. வைரஸ் மட்டும் ஆண்டுதோறும் வரும் பருவக் காய்ச்சல்களில் ஒன்றாகத் தங்கிவிட்டது. இன்று அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது. நன்கு வேகவைத்த பன்றி இறைச்சியால் வருவதில்லை. பெயரில் உள்ள பயத்தால் சில வீடுகள் நோயையே மறைத்துப் பிள்ளையை அனுப்பிவிடுகின்றன. எனக்கு அதுதான் பெரிய கவலை.

அரசின் வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. இலேசான காய்ச்சலும் இருமலும் உள்ள ஏ பிரிவினருக்குப் பரிசோதனையும் வேண்டாம், ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஒசெல்டாமிவிர் மருந்தும் வேண்டாம். வீட்டு ஓய்வே போதும். கடுமையான காய்ச்சல் உள்ளவர்களும் மேலே சொன்ன ஆபத்துப் பட்டியலில் உள்ளவர்களும் பி பிரிவு. அவர்களுக்கு மருத்துவர் அந்த மருந்தைத் தரலாம். மூச்சுத்திணறல் போன்றவை உள்ள சி பிரிவினருக்குப் பரிசோதனையும் மருத்துவமனைச் சேர்க்கையும் உண்டு. நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் ஒசெல்டாமிவிரின் பலன் அதிகம். எனவே பி பிரிவினர் தாமதிக்கக் கூடாது.

டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதவே இல்லை. ஆவி பிடிச்சு, நிலவேம்பு கொடுத்தா சரியாகிடுமா?

ஆன்டிபயாட்டிக் எழுதாத மருத்துவரைப் பாராட்டுங்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸைத் தொடாது. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்களைத் தடுக்க நான் முனைவதில்லை; ஆனால் அதைக் குடித்ததால் பிறருக்குப் பரவாது என்று நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். கொதிக்கும் தண்ணீர்ச் சட்டியின் முன் போர்வை போர்த்திச் சிறு பிள்ளையை உட்கார வைப்பதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். சட்டி கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அதை மறுபடி செய்ய மாட்டார்கள்.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

மூச்சு வாங்கினால் ஓட வேண்டும். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பாருங்கள்: இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50 தடவை அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேலும் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே உள்ளிழுத்தல், உதடு நீலமாதல், எழுப்பினாலும் மயங்கி மயங்கிப் படுத்தல், வலிப்பு, எதையும் குடிக்க மறுத்தல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவையும் உடனே போக வேண்டிய அறிகுறிகள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும் அவசரம்தான்.

இறங்கிய காய்ச்சல் ஓரிரு நாள் கழித்து மறுபடி ஏறினால் பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். ‘ஃப்ளூதானே’ என்று காத்திருக்காதீர்கள். ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108.

பேசாம ஸ்கூலையே பத்து நாள் மூடிட்டா நின்னுடாதா?

சில சமயம் அரசுகள் அப்படிச் செய்திருக்கின்றன. 2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ பரவியபோது புதுச்சேரியில் எட்டாம் வகுப்புவரை 16ஆம் தேதி முதல் 26ஆம் தேதிவரை விடுமுறை விட்டார்கள். தொற்று உச்சத்தை எட்டுவதற்கு முன் மூடினால் வேகம் குறையும். பாதி வகுப்பு நோயுற்ற பிறகு மூடினால் பெரிய பலன் இல்லை. விடுமுறையில் பிள்ளைகள் டியூஷனிலும் தெருவிலும் உறவினர் வீட்டுக் கல்யாணத்திலும் ஒன்றுகூடினால் அந்தச் சிறு பலனும் போய்விடும். அதிகம் பேர் நோயுற்ற ஒரு வகுப்பை மட்டும் சில நாள் நிறுத்தும் ஜப்பானிய வழக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது.

எங்க வீட்டுல பிள்ளைங்க யாருக்கும் காய்ச்சலே இல்லை. வெளியிலயே போகாத பாட்டிக்கு மட்டும் எப்படி வந்தது?

ஃப்ளூ தொற்றிய எல்லாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. சிலருக்கு மூக்கு மட்டும் ஒழுகும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. நன்றாக இருக்கும் பேரன் நாளைக்குத்தான் காய்ச்சலில் விழப்போகிறவனாகவும் இருக்கலாம் என்பது பரவும் காலத்தைப் பற்றிய பதிலில் இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் சீருடையை மாற்றி, கை முகம் கழுவிவிட்டுப் பாட்டியிடம் போவது என்ற பழக்கம் நோய் தெரியாத நாட்களுக்கும் சேர்த்துத்தான். பாட்டிக்கு ஊசி போடுவது அதைவிட உறுதியானது.

லீவு போட்டா நூறு சதவீத வருகைச் சான்றிதழ் போயிடுமேன்னு அழறா. என்ன சொல்றது?

இது பெற்றோர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை. பள்ளி பதில் சொல்ல வேண்டியது. காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு ஆண்டு விழா மேடையில் கைதட்டி, வீட்டில் ஓய்வெடுத்த பிள்ளையைப் பெயர் சொல்லாமல் விட்டுவிடும் பரிசு அது. எங்கள் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதை நான் இருமுறை எழுப்பினேன். முதல்முறை சிரித்தார்கள். இரண்டாம் முறை, மருத்துவச் சீட்டு உள்ள விடுப்பை வருகைக் குறைவாகக் கணக்கில் எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. உங்கள் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள். கேட்கும் முன் கூட இரண்டு பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.